பால்வழியைப் படம்பிடித்த பார்னார்டு

நிலவில்லாத இரவில், ஊர் விளக்குகளின் ஒளி எட்டாத வெட்டவெளியில் நின்று வானத்தை அண்ணாந்து நோக்கினால், பால் சிந்தினாற்போன்ற வெண்ணிறப் பட்டை ஒன்று வானின் குறுக்கே கிடத்தலைக் காணலாம். அதனைப் பால்வழி என்பர். தனித்தனியே கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி ஒன்றுகூடி அவ்வாறு வெண்மையாகத் தோன்றுகின்றது. அவ்வெண்மை எங்கும் ஒரே சீராக அமைந்ததன்று. அதனிடையே கரிய திட்டுகள் பல உள்ளன. அத்திட்டுகள் விண்மீன்களே இல்லாத வெற்றிடங்களா? அன்றித் தமக்குப் பின்னுள்ள விண்மீன்களை நம் கண்ணுக்குப் புலனாகாமல் மறைக்கும் திரைகளா? இவ்வினாவிற்கு விடை காண, முப்பது ஆண்டுகள் இரவைப் பகலாகக் கொண்டு உழைத்த பெரியார் ஒருவர் இருந்தார். அவர் பள்ளியில் பயின்ற காலம் இரண்டு திங்களே. அவரே எட்வர்டு எமர்சன் பார்னார்டு ஆவார்.

இளமையும் வறுமையும்

பார்னார்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டென்னசி மாநிலத்தின் தலைநகரமாகிய நாஷ்வில்லில், 1857-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் பிறந்தார். அவர் பிறக்கும் முன்னரே தந்தையார் இறந்துவிட்டார். இரண்டு ஆண்மக்களையும் வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அன்னையார்மீது விழுந்தது. அவ்வம்மையார் மெழுகினால் பூக்கள் செய்து விற்று, அதனால் வந்த சிறு பொருளைக்கொண்டு குடும்பத்தைக் காத்துவந்தார். 1861-ஆம் ஆண்டு முதல் 1865-ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அப்போரினால் நாஷ்வில் நகரமும் பெருந்துன்பம் உற்றது. உண்ண உணவு கிடைப்பதே அரிதாயிருந்த அந்நாளில் பள்ளிக் கல்விக்கு வழி ஏது? எழுத்தறிவித்த ஆசானும் அன்னையாரே ஆனார்.

ஒன்பது வயது நிரம்பும் முன்னரே பார்னார்டு வேலைக்குச் செல்ல நேர்ந்தது. 1866-ஆம் ஆண்டில் அந்நகரிலிருந்த நிழற்பட நிலையம் ஒன்றில் அவர் சேர்ந்தார். படங்களைப் பெரிதாக்கும் பெருங்கருவி ஒன்று அந்நிலையத்தின் கூரைமீது நிறுவப்பட்டிருந்தது. மின்விளக்கு வழக்கத்திற்கு வராத காலமாதலின், அக்கருவி ஞாயிற்றின் ஒளியைக்கொண்டே இயங்கியது. ஞாயிறோ ஓரிடத்தில் நிற்பதன்று. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றுகொண்டே இருப்பது. ஆதலின், ஒருவர் அருகிலிருந்து, கருவியின் சக்கரங்களைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அதன் முகம் எப்போதும் ஞாயிற்றையே நோக்கியிருக்குமாறு செய்தல் வேண்டும். இதுவே சிறுவர் பார்னார்டின் வேலை. முன்னர் அவ்வேலையில் அமர்ந்த சிறுவர்கள் வெயிலில் சோர்ந்து உறங்கிவிடுவார்களாம். பார்னார்டோ கண் இமையாது தம் கடமையைச் செய்தார். அக்கருவிக்கு வியாழன் என்று பெயரிட்டிருந்தனர். விண்ணில் உலவும் ஒன்றைக் கருவியால் தொடர்ந்து சென்று பிடித்தல் என்னும் பயிற்சி அவருக்கு இவ்வாறு பிள்ளைப் பருவத்திலேயே வாய்த்தது. அந்நிலையத்தில் அவர் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் பணி புரிந்து, நிழற்படக் கலையின் நுட்பங்கள் அனைத்தையும் கற்றுத் தெளிந்தார்.

நூல் காட்டிய வழி

சிறுவயதில் கோடைக்கால இரவுகளில் தலைக்கு நேர் மேலே ஒளிவீசும் விண்மீன் ஒன்றைப் பார்னார்டு கண்டு மகிழ்வதுண்டு. அதன் பெயரை அவருக்குச் சொல்வார் இல்லை. ஒரு நாள், அவரிடம் சிறு தொகையைக் கடனாகப் பெற்ற ஒருவர், அதற்கு ஈடாக நூல் ஒன்றைத் தந்து சென்றார். அது தாமசு டிக் என்பார் எழுதிய வானநூல். அந்நூலில் விண்மீன் படங்களும் இருந்தன. பார்னார்டு அப்படங்களையும் வானத்தையும் மாறிமாறி நோக்கினார். தாம் நெடுநாளாக நேசித்த விண்மீன், வேகா எனப்படும் அபிசித்து என்பதை அன்று அறிந்தார். உறவினர் ஒருவரின் பெயரை முதன்முதலாக அறிந்தவர் போன்று அவர் உவகை எய்தினார்.

அன்றுமுதல் வானநூலில் அவர்க்கிருந்த ஆர்வம் நாளுக்குநாள் பெருகியது. ஐந்து அங்குல விட்டமுள்ள வில்லையை உடைய தொலைநோக்கி ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். அதன் விலை 380 டாலர். அஃது அவருடைய ஓராண்டு ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்காகும். 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியல் அறிஞர்களின் பேரவை நாஷ்வில்லில் கூடிற்று. பார்னார்டு ஆவலோடு சென்று, சைமன் நியூகோம் என்னும் பெரும்புகழ் வானநூல் அறிஞரைக் கண்டு, தாம் செய்யத்தக்கது யாது என வினவினார். கணிதம் அறியாதவர் இத்துறையில் பெரும்பயன் விளைவித்தல் அரிது என்று அவ்வறிஞர் கூறிவிட்டார். இளைஞர் அவையை விட்டு வெளியே வந்து, தூண் ஒன்றின் மறைவில் நின்று கண்ணீர் வடித்தார். எனினும், அவர் மனந்தளர்ந்து தம் தொலைநோக்கியை விற்றுவிடவில்லை. கணிதம் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, பகல் வேலை முடிந்தபின் பயிலத் தொடங்கினார்.

வால்மீன்கள் கட்டிய வீடு

1881-ஆம் ஆண்டில் பார்னார்டு ரோடா கால்வர்ட்டு என்னும் மங்கையை மணந்தார். அக்காலத்தில், புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறியும் அமெரிக்கர்க்கு 200 டாலர் பரிசு வழங்குவதாகச் செல்வர் ஒருவர் அறிவித்திருந்தார். அவ்வாண்டிலேயே பார்னார்டு வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்துப் பரிசு பெற்றார். அத்தொகையை முதலாக வைத்துச் சிறு வீடு ஒன்றைக் கடன்பட்டுக் கட்டத் தொடங்கினார். கடனுக்குரிய தவணை நெருங்கும்போதெல்லாம் வேறொரு வால்மீன் அவர் கண்ணுக்குப் புலனாகிப் பரிசு தேடித் தந்தது. அதனால் அவ்வில்லம் வால்மீன் வீடு என்றே பெயர் பெற்றது. நற்பேறு என்று சிலர் இதனைக் கருதலாம். ஆனால், பிறர் உறங்கும் இரவெல்லாம் விழித்து வானத்தைத் துருவி ஆராய்பவரிடமே அந்நற்பேறு வந்து சேரும் என்பதை நாம் மறத்தல் கூடாது.

அவர் புகழ் பரவியது. 1883-ஆம் ஆண்டில் நாஷ்வில்லிலுள்ள வாண்டர்பில்ட்டுப் பல்கலைக் கழகம், தன் வானாராய்ச்சிக் கூடத்தை அவர் பொறுப்பில் ஒப்படைத்து, அங்கேயே கல்வி பயிலவும் வாய்ப்பளித்தது. இருபத்தைந்து வயதில், மணமானபின், அவர் மாணவரானார். வறுமையால் மறுக்கப்பட்ட கல்வியை உழைப்பினால் திரும்பப் பெற்றார்.

லிக்கு மலையில்

1888-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில், ஏறத்தாழ 4200 அடி உயரமுள்ள ஆமில்ட்டன் மலைமீது லிக்கு வானாராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. அந்நிலையத்தின் முதல் அறிஞர் குழுவில் பார்னார்டும் இடம்பெற்றார். 36 அங்குல விட்டமுள்ள வில்லையைக் கொண்ட அங்கிருந்த தொலைநோக்கியே அந்நாளில் உலகிலிருந்த வில்லைத் தொலைநோக்கிகளுள் பெரியது. ஆயினும், இளையவராகிய பார்னார்டுக்கு அதனைக் கையாளும் உரிமை உடனே கிடைக்கவில்லை. 1892-ஆம் ஆண்டில்தான் வாரத்தில் ஓர் இரவு அவர்க்கு ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இரவு, அத்தொலைநோக்கியின் வழியே அவர் வியாழனின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டுபிடித்தார். 1610-ஆம் ஆண்டில் கலிலியோ நான்கு துணைக்கோள்களைக் கண்டபின் 282 ஆண்டுகளாக ஒருவர் கண்ணுக்கும் அகப்படாதது அது. வியாழன் என்னும் கருவியைத் திருப்பி நின்ற சிறுவர், வியாழன் என்னும் கோளினாலேயே உலகப் புகழ் பெற்றது வியப்பன்றோ!

இப்புகழினும் நிலையான பணியை அவர் சிறிய கருவி ஒன்றினால் தொடங்கியிருந்தார். ஆறு அங்குல விட்டமும் 31 அங்குலக் குவியத் தூரமும் உள்ள பழைய வில்லை ஒன்று அந்நிலையத்தில் இருந்தது. அது மனிதர்களின் உருவத்தைப் படம் எடுத்தற்கெனச் செய்யப்பெற்று, நிழற்படக் கலைஞர் ஒருவரிடமிருந்து வாங்கப்பட்டது. குவியத் தூரம் என்பது, தொலைவிலுள்ள பொருளின் ஒளி வில்லையின் வழியே சென்று உருவமாகக் குவியும் இடத்திற்கும் அவ்வில்லைக்கும் இடையே உள்ள தூரமாகும். இத்தூரம் நீண்டதாயின், வானின் சிறுபகுதி பெரிதாகத் தோன்றும், நுட்பங்கள் விளங்கும். ஆனால், மங்கலான ஒளி பரந்து மேலும் மங்கிவிடும். தூரம் குறைந்ததாயின், வானின் பெரும்பகுதி ஒரே தகட்டில் அடங்கும். பரந்து கிடக்கும் மங்கிய ஒளியும் செறிந்து பதியும். பனிமூட்டம் போன்று வானில் பரந்து கிடக்கும் வான்முகில்களைக் காண, இப்பழைய வில்லையே ஏற்றது எனப் பார்னார்டு உணர்ந்தார். 1889-ஆம் ஆண்டுக் கோடையில் அதனைத் தொலைநோக்கி ஒன்றோடு பிணைத்துப் பால்வழியைப் படம்பிடித்தார்.

கையும் கண்ணும் செய்த தவம்

அந்நாளில் வான்முகிலைப் படம்பிடித்தல் எளிய செயலன்று. மங்கிய ஒளி தகட்டில் பதிவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் நிலவுலகம் சுழல்வதால் விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்ந்துவிடும். கடிகாரப் பொறி ஒன்று தொலைநோக்கியை அவற்றோடு ஒத்து நகர்த்தும். எனினும், அப்பொறியில் சிறுசிறு பிழைகள் நேர்வது இயல்பு. ஆதலின், துணைத் தொலைநோக்கி ஒன்றின் வழியே ஒரு விண்மீனை வழிகாட்டியாகக் கொண்டு, அது குறுக்கும் நெடுக்குமாக அமைந்த நுண்ணிய இழைகள் கூடும் இடத்திலிருந்து மயிரிழையும் பிறழாதவாறு கையால் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். சிறிது கண்ணயர்ந்தாலும் விண்மீன்கள் புள்ளிகளாக அமையாமல் கோடுகளாக இழுபட்டுப் படம் பாழாகும். இருள் சூழ்ந்த கூடத்தில், குளிர்காற்று வீசும் திறப்பின் கீழ், மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் இருந்து இதனைச் செய்தார் பார்னார்டு. கூரைமீது பகலில் ஞாயிற்றைத் தொடர்ந்து பழகிய கைகளே இரவில் விண்மீன்களைத் தொடர்ந்தன.

அவ்வுழைப்பிற்கேற்ற பயன் விளைந்தது. மேகத்திரள் போன்ற விண்மீன் கூட்டங்களும், அவற்றைக் கிழித்துச் செல்லும் கரிய பாதைகளும், கேட்டை என்னும் விண்மீனை அடுத்துள்ள பகுதியில் ஒளிமுகிலும் இருள்வழிகளும் பின்னிக் கிடக்கும் காட்சியும் அவர் படங்களில் வெளிப்பட்டன. நீண்ட குவியத் தூரமுள்ள கருவியைக் கையாண்ட ஐசக்கு இராபர்ட்சு என்னும் ஆங்கில அறிஞர், பரந்த வான்முகில்கள் பல தம் தகடுகளில் காணப்படவில்லை என்று கூறி ஐயுற்றார். இராபர்ட்சும் இத்துறையில் எளியவர் அல்லர். ஆந்திரமேடா வான்முகிலின் சுருள் வடிவத்தை 1888-ஆம் ஆண்டிலேயே படம்பிடித்துக் காட்டியவர். பார்னார்டு அவரை இகழ்ந்து பேசவில்லை. கருவியின் இயல்பே வேறுபாட்டிற்குக் காரணம் என்பதைத் தம் படங்களைக் கொண்டு விளக்கினார்.

வெற்றிடமா, திரையா?

இனிக் கரிய திட்டுகளைப் பற்றிய வினாவிற்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வில்லியம் எர்சல் என்னும் பேரறிஞர் விருச்சிகத்தில் அத்தகைய திட்டு ஒன்றைக் கண்டு, வானத்தில் அமைந்த ஓட்டை என்றே கருதினார். பார்னார்டும் முதலில் அக்கருத்தினரே. அவருடைய படங்களைக் கண்ட ரானியார்டு என்னும் ஆங்கில அறிஞர், 1894-ஆம் ஆண்டளவில், இவை ஒளியை மறைக்கும் பொருள்களாக இருத்தல் கூடும் என எழுதினார். பார்னார்டு அதனை உடனே ஏற்கவில்லை. வெறுத்து ஒதுக்கவும் இல்லை. மேலும் படங்கள் எடுத்து ஆராய்ந்து முடிவு கூறுவதே முறை எனக் கொண்டார்.

வினா சிறியதன்று. அவை திரைகளாயின், நம் கண்ணுக்குத் தோன்றும் விண்மீன்களை எண்ணி உலகத்தின் அளவைக் கணித்த கணக்குகள் பல பிழையாகிவிடும். ஆதலால் அவர் விரைந்து முடிவு கூறவில்லை.

1895-ஆம் ஆண்டில் அவர் சிகாகோப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்தார். 1897-ஆம் ஆண்டில் அதன் யெர்க்கீசு வானாராய்ச்சி நிலையம் விசுகான்சின் மாநிலத்தில் திறக்கப்பெற்றது. 40 அங்குல விட்டமும் ஏறத்தாழ 63 அடிக் குவியத் தூரமும் உடைய அங்குள்ள தொலைநோக்கியில் அவர் நுட்பமான அளவைகள் பல செய்தார். பால்வழியைப் படம்பிடித்தற்கோ, கேதரின் புரூசு என்னும் அம்மையார் அளித்த பொருளைக்கொண்டு, பத்து அங்குல வில்லையுடைய தனிக் கருவி ஒன்றை 1904-ஆம் ஆண்டில் அமைத்தார். மறு ஆண்டு அதனைக் கலிபோர்னியாவிலுள்ள வில்சன் மலைக்குக் கொண்டு சென்று, பல திங்கள் அங்கே தங்கிப் படங்கள் எடுத்தார்.

1913-ஆம் ஆண்டுக் கோடையில் தெளிந்த இரவு ஒன்றில், அவர் புரூசுக் கருவியால் தனுசுப் பகுதியைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது நம் காற்றுவெளியில் உள்ள சிறு முகில்கள் சில பால்வழியின் குறுக்கே மிதந்து வந்தன. ஒளிமிக்க விண்மீன் திரளின்மீது அவை மைத்துளிகள் போலக் கறுத்துத் தோன்றின. தாம் பல்லாண்டுகளாகத் தகடுகளில் கண்ட கரிய திட்டுகளும் அவை போன்றே இருத்தலை அவர் கண்டார். அருகிலுள்ள முகில் ஒளியின் முன் கருமையாகத் தோன்றுமாயின், தொலைவிலுள்ள வான்முகிலும் அவ்வாறே தோன்றலாம் அன்றோ? 1919-ஆம் ஆண்டில் 182 கரிய திட்டுகளுக்கு எண்ணிட்டுப் பட்டியல் ஒன்றை அவர் வெளியிட்டார். அவற்றுள் பல, ஒளியை மறைக்கும் பொருள்களே என்னும் கருத்தை அதில் வெளியிட்டார். எல்லாத் திட்டுகளும் அத்தகையன என்று அப்போதும் அவர் சாதிக்கவில்லை. சான்று செல்லும் எல்லையளவே தம் கூற்றையும் செல்லவிடுதல் அவர் இயல்பு.

முடியாத நூலும் முடிந்த வாழ்வும்

பால்வழிப் படங்களுள் சிறந்தவற்றைத் தொகுத்து நூலாக வெளியிடப் பார்னார்டு விரும்பினார். அச்சில் நுட்பங்கள் கெடும் என்று எண்ணி, ஒவ்வொரு படியிலும் உண்மையான நிழற்படங்களையே ஒட்டுதல் வேண்டும் என உறுதி செய்தார். 700 படிகளுக்காகப் பல்லாயிரம் நிழற்படங்கள் ஆக்கப்பட்டன, எண்ணிக்கை 35,700. அவற்றுள் ஒவ்வொன்றையும் அவரே பார்த்து, குறையுள்ளவற்றை நீக்கினார். 1921-ஆம் ஆண்டில் அவருடைய அருமை மனைவியார் மறைந்தார். நூல் முற்றுப்பெறும் முன்னர், 1923-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் பார்னார்டும் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய உடல், அவர் பிறந்த நாஷ்வில் நகரிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. அவருக்கு உதவியாளராக இருந்த மேரி கால்வர்ட்டு அம்மையாரும், நிலையத் தலைவராகிய எட்வின் பிராஸ்டும் எஞ்சிய பணியை முடித்து, 1927-ஆம் ஆண்டில் அந்நூலை வெளியிட்டனர். மேரி அம்மையார், பார்னார்டின் மனைவியாருடைய உடன்பிறந்தாரின் மகளாவார்.

இன்றும் வாழும் எண்கள்

பார்னார்டின் முடிவு நாளடைவில் உறுதியாயிற்று. 1930-ஆம் ஆண்டில் டிரம்ப்ளர் என்னும் அறிஞர், விண்மீன்களுக்கிடையே பரவியுள்ள பொருள் அவற்றின் ஒளியைக் குறைக்கின்றது என்பதைக் கணக்கிட்டு நிறுவினார். பார்னார்டின் பட்டியலில் 68 என்னும் எண்ணுள்ள கரிய முகிலைச் சிலி நாட்டு மலைமீதுள்ள பெருந்தொலைநோக்கிகளால் ஆராய்ந்த அறிஞர்கள், தூசியை ஊடுருவ வல்ல அகச்சிவப்புக் கதிர்களால் அதனைப் படம்பிடித்தனர். வெற்றிடமாகத் தோன்றிய அவ்விடத்தின் ஊடே, மறுபுறத்து விண்மீன்கள் ஒளிர்ந்தன. அது ஓட்டையன்று, திரையே என்பது கண்கூடாயிற்று.

இக்காலத்தில் வான்முகிலைப் படம்பிடிப்போர் தொலைநோக்கியின் அருகில் அமர்ந்து குளிரில் நடுங்க வேண்டுவதில்லை. அறையில் இருந்தவாறே தொலைவிலுள்ள கருவியை இயக்குகின்றனர். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் விண்ணில் செலுத்தப்பெற்ற வெப்பு என்னும் தொலைநோக்கியின் குவியத் தூரம் 131 மீட்டர். அது நிலவுலகிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, இங்கிருந்து அனுப்பப்படும் கட்டளைப்படி இயங்குகின்றது. அதன் முதலாண்டு நிறைவையொட்டி, 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளியிடப்பெற்ற படம் எந்த இடத்தைக் காட்டியது? கேட்டை விண்மீனை அடுத்து, பார்னார்டு தம் பழைய வில்லையால் படம்பிடித்த அந்த வான்முகில் பகுதியையே காட்டியது! இருளென்று கருதப்பட்ட அவ்விடத்தில் ஏறத்தாழ 50 இளம் விண்மீன்கள் பிறந்து வளர்வதனை உலகம் கண்டது. அப்பெருங்கருவியும் வழிகாட்டி விண்மீன் ஒன்றைக் குறியாகக் கொண்டே தன் நிலை பிறழாமல் நிற்கின்றது. அன்று ஒரு மனிதரின் கண்ணும் கையும் செய்த பணியை இன்று பொறி செய்கின்றது, பணி மாறவில்லை.

மாணவர்களே, பார்னார்டுக்குச் செல்வம் இல்லை, பள்ளி இல்லை, தந்தையின் துணையும் இல்லை. சிறுவயதில் கிடைத்த எளிய வேலையை இழிவென்று எண்ணாமல் செம்மையாகச் செய்தமையே அவர்க்கு வாய்த்த மூலதனம். முப்பது ஆண்டுகள் பார்த்தபின்னரே கருத்துரைத்த பொறுமையும், தம் பழைய கருத்துப் பிழையெனக் கண்டபோது அதனை மாற்றிக்கொண்ட நேர்மையும் அவர்தம் பெருமைகள். அடுத்த முறை நீங்கள் பால்வழியைக் காணும்போது, ஒளியை மட்டும் நோக்காமல், அதனிடையே உள்ள இருளையும் சற்று நின்று நோக்குங்கள்.